குருதிக் குப்பியும் நான்காண்டுப் படிப்பும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் உயிரியற் பிரிவு மாணவரின் இல்லங்களில் எழும் வினா ஒன்றே: "மருத்துவ பீடம் கிடைக்குமா?" சில தசமப் புள்ளிகளால் அதனைத் தவறவிட்ட பிள்ளை தாதியியலுக்கோ மருந்தகவியலுக்கோ தெரிவானால், அவ்வீடு துக்க வீடாகிவிடுகின்றது. இத்துக்கம் அறியாமையின்பாற்பட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல் ஆகியன நான்காண்டுப் பட்டப்படிப்புகளாகக் கட்டணமின்றிக் கற்பிக்கப்படுகின்றன. முதன் மூன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உள.

குருதியேற்றலை எடுத்துக்கொள்வோம். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901ஆம் ஆண்டில் குருதி வகைகளை வெளிப்படுத்தினார். ஒவ்வாத வகை ஏறினால் செங்குருதிக் கலங்கள் நாளங்களினுள்ளேயே சிதையும், சிறுநீரகம் செயலிழக்கும், உயிரும் போகலாம். ஏற்றுமாறு பணிப்பவர் வைத்தியர். ஆனால் பொருத்தம் பார்ப்பவர் ஆய்வுகூடத்தார். ஏற்றும்வேளை அருகிருந்து கவனிப்பவர் தாதியர். இதில் நேரும் விபத்துக்களுட் பல, பரிசோதனைப் பிழையால் வருவன அல்ல. குப்பியில் ஒட்டிய பெயர் மாறுவதாலும், படுக்கையிலிருப்பவர் இன்னாரென உறுதிசெய்யாமையாலுமே வருகின்றன. ஆதலால் இரசாயனமும் உடற்றொழிலியலும் கற்கும் மாணவர், ஒவ்வொரு முறையும் நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்கவும் பழக வேண்டும். எளிய செயல்தான், களைத்த இரவுக் கடமையில் அத்துணை எளிதன்று.

பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழிற் கற்றுவந்த பிள்ளைகள் முதலாண்டில் திணறுவதுண்டு. பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை அம்மொழிப் பயிற்சிக்குச் செலவிடலாம். பேராதனைக்குச் செல்வோர் சிங்களமும் சிறிது பயில்வது நன்று. அங்கே பெயரைச் சொல்லும் நோயாளர் பலர் அம்மொழியிலேயே பேசுவர்.