கோடு தாண்டும் வரை

(அத்திபெலேயில் கற்போர் கூட்டத்தில் பேசியது)



கால்பந்தில் கோல் விழும் முன்பே கை தூக்கிக் குதிப்பவர் உண்டு. பந்து வெளியே போய்விடும்.

2023-இல் சீனாவில் ஆசிய விளையாட்டு நடந்தது. அதில் சக்கரக் காலணித் தொடர் ஓட்டம், 3000 மீட்டர். தென்கொரிய வீரர் முன்னால் வந்தார். கோட்டைத் தொடும் முன்பே இரு கைகளையும் தூக்கினார். பின்னால் வந்த தைவான் வீரர் காலை நீட்டினார். நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம். தங்கம் தைவானுக்கு! கொரிய வீரரின் தோழர்களும் தங்கத்தை இழந்தார்கள். இந்தியாவுக்கு வெண்கலம். அந்த அணியில் தமிழ்நாட்டு ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார்.

கையெழுத்துப் போட வந்ததும் நாம் புத்தகத்தை மூடுகிறோம். எழுத்து மறந்துபோகிறது. கடன் பத்திரத்தை நாமே படித்து, பிறகு கையெழுத்துப் போட வேண்டும். நம் கோடு அங்கே இருக்கிறது. அதுவரை படிப்போம்.