கதையைப் படியுங்கள், கல்வெட்டையும் கேளுங்கள்

(குன்றக்குடியில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் நாம் 'பொன்னியின் செல்வன்' என்னும் நாவலைப் பற்றிப் பேசவேண்டுமென்று நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். மதத்தைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசிவந்த மேடையில் ஒரு ராஜா ராணிக் கதைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். வேலை இருக்கிறது. எப்படியென்றால், இக்கதையால் இவ்வூர் வாசகசாலையில் வாலிபர்கள் இரண்டு மூன்று கட்சியாய்ப் பிரிந்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருப்பதாகச் சற்று முன்தான் கேள்விப்பட்டோம்.

ஒரு கட்சியார், இது கதையல்ல, நம் முன்னோர் சரித்திரமே இதுதான் என்கிறார்கள். இன்னொரு கட்சியார், பார்ப்பனர் எழுதிய புஸ்தகம், அலமாரியை விட்டே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். மூன்றாங் கட்சியாரோ கதையைப் படித்தார்களோ இல்லையோ, ராஜராஜன் எங்கள் ஜாதி என்று தட்டி கட்டப் புறப்பட்டுவிட்டார்கள். ஒரே ராஜராஜனை எத்தனை ஜாதியார்தான் பங்கு போட்டுக்கொள்வது! 2022-லும் 2023-லும் இக்கதை இரண்டு பாகமாய்ச் சினிமாவாக வந்தபிறகு இச்சண்டை இன்னும் முற்றிவிட்டது.

முதலில் இரண்டாங் கட்சித் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். புஸ்தகத்தை எடுத்தெறிவது நம் வழியல்ல. நம் கொள்கைக்கு எதிரான புராணங்களையே வரிவரியாகப் படித்துத்தானே நாம் கண்டித்து வருகிறோம்? கல்கி கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் இக்கதையை எழுதினார். அடுப்படியை விட்டு நகரமுடியாத எத்தனையோ பெண்கள் அதற்காகவே பத்திரிகை படிக்கப் பழகினார்கள். இதழ்களைக் கிழித்துத் தைத்துப் பைண்டு செய்து வைத்த வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. படிக்கும் பழக்கத்தை உண்டாக்கிய எழுத்தை நாம் இகழ வேண்டியதில்லை. அறிஞர் அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைப் பார்த்து மனந்திறந்து பாராட்டியவரும் இதே கல்கிதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

நிற்க. இனி முதற் கட்சித் தோழர்களுக்கு வருவோம். கதை சரித்திரத்தை விழுங்கிவிடும் என்பதற்கு நாம் தஞ்சாவூருக்குப் போகவேண்டியதில்லை. இந்தக் குன்றக்குடியே போதும். பெரிய மருதுவுக்கு ராஜபிளவை கண்டதாகவும், இம்மலை விபூதியால் அது தீர்ந்ததாகவும் இங்கே சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் அதே மருது சகோதரர்கள் 1801 ஜூன் மாதத்தில், ஜாதி வேற்றுமையை விட்டு எல்லோரும் வெள்ளையனை எதிர்க்க வாருங்கள் என்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அறிக்கை ஒட்டச் செய்தார்கள். அதற்காக அவ்வாண்டு அக்டோபர் 24-இல் பக்கத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். விபூதிக் கதை தெரிந்தவர் எத்தனை பேர்? அறிக்கை தெரிந்தவர் எத்தனை பேர்? நீங்களே கணக்குப் பாருங்கள்.

'பொன்னியின் செல்வன்' சங்கதியும் இதுதான். அதில் வரும் நந்தினியும் பூங்குழலியும் ஆசிரியரின் கற்பனை. வந்தியத்தேவன் உண்மையில் இருந்தவன். ஆனால் குந்தவையின் கணவன் என்று கல்வெட்டில் பேர் இருப்பதற்குமேல் அவனைப் பற்றிக் கிடைக்கும் சங்கதி மிகச் சொற்பம். அவன் குதிரையேறிச் செய்த சாகசமெல்லாம் கல்கி தந்தது. கற்பனை செய்வது கதாசிரியன் உரிமை. அதைச் சரித்திரமென்று நம்புவது வாசகன் குற்றம்.

கதையின் உயிர்நாடி ஆதித்த கரிகாலன் கொலை. கதையில் ரவிதாசன் என்பவன் மந்திரவாதியாக, பாண்டியனின் ஆபத்துதவியாக, காட்டிலும் சுடுகாட்டிலும் திரிகிறான். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில் உள்ள கல்வெட்டு என்ன சொல்லுகிறது? சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்னும் சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. அவர்களில் ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழப் பிரமாதிராஜன் என்றும் பட்டம். அதாவது அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த பார்ப்பனர்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில்தான் அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்படுகின்றன. கொலை நடந்து ஏறக்குறைய 15 வருஷம் கழித்து! இத்தாமதத்தைக் கண்டுதான் நீலகண்ட சாஸ்திரியார் உத்தமசோழன்மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்.

அக்கல்வெட்டில் சொத்துப் பறிமுதல் இருக்கிறதே ஒழிய, தலை வாங்கியதாக இல்லை. எக்குற்றம் செய்தாலும் பார்ப்பனனைக் கொல்லக்கூடாது என்பது மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நாம் அடித்துச் சொல்ல வரவில்லை. மூவர் செய்த கொலைக்கு ஒரு ஜாதியையே கூண்டிலேற்றவும் வரவில்லை. அது மனுவின் புத்தியே ஒழிய நம் புத்தியல்ல. ஆனால் இளவரசனைக் கொன்றவனுக்கு என்ன தண்டனை, நெல் திருடிய குடியானவனுக்கு என்ன தண்டனை என்று கேட்பது அறிவுள்ளவன் கடமையா, அல்லவா?

மூன்றாங் கட்சித் தோழர்களே! பெருமை கொண்டாடுமுன் பெரிய கோயில் சுவரைப் படித்துப் பாருங்கள். அக்கோயிலுக்கென்று பல ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து குடிவைத்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேர். ஆளுக்கொரு வீடும், வருஷத்திற்கு 100 கலம் நெல்லும். ஒவ்வொருத்தி பேரும் கல்லில் இருக்கிறது. அவள் விருப்பம் மட்டும் இல்லை. அதே சுவரில் வரியில்லாத நிலங்களைக் கணக்கெடுக்கையில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஜனங்களில் ஒரு பகுதியார் ஊருக்கு வெளியே இருந்தார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. அவ்வரசன் எங்கள் ஜாதி என்பவர்கள், அந்தச் சேரி யார் ஜாதி என்பதையும் சொல்லவேண்டாமா? 2019-இல் டைரக்டர் பா. ரஞ்சித், ராஜராஜன் காலத்தில் எளிய ஜனங்களின் நிலம் பறிபோயிற்று என்று பேசியதற்குப் போலீஸ் வழக்கே போட்டார்கள். செத்து ஆயிரம் வருஷமான அரசனுக்கு இருக்கும் காவல், உயிரோடிருப்பவன் வாய்க்கு இல்லை!

கல்கியைக் கேட்கும் கேள்வியை நம்மவரையும் கேட்கவேண்டும். அண்ணா 'கலிங்கராணி' எழுதினார். பக்கத்துப் பாகனேரி நாட்டு வாளுக்குவேலியை வைத்துக் கலைஞர் மு. கருணாநிதி 'தென்பாண்டிச் சிங்கம்' எழுதினார். அங்கேயும் வாளெடுத்தவன் வீரன். நாற்று நட்டவளுக்குப் பேர் உண்டா என்று பாருங்கள். நம்மவர் எழுதியது என்பதற்காகத் தராசை மாற்றிப் பிடிக்கக்கூடாது.

ஆகையால் தோழர்களே, நாம் சொல்லுவது இவ்வளவுதான். அப்புஸ்தகம் வாசகசாலையிலேயே இருக்கட்டும். 1999-இல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டபடியால் அது இனி யார் வீட்டுச் சொத்துமல்ல. அதன் பக்கத்திலேயே பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தையும் வாங்கி வையுங்கள். வாரத்தில் ஒருநாள் இரவு எல்லாக் கட்சியாரும் ஒன்றாய் உட்கார்ந்து, ஒருவர் கதையைப் படிக்க, ஒருவர் கல்வெட்டைப் படிக்க, மற்றவர்கள் கேள்வி கேளுங்கள். தாய்மார்களையும் சேரித் தோழர்களையும் பின்வரிசையில் நிறுத்தாமல் முன்வரிசையில் உட்கார வையுங்கள். கதையில் இல்லாத கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வரும்.

நாம் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொண்டு போய்விடாதீர்கள். உடையார்குடி இங்கிருந்து ஒரு நாள் பிரயாணம். தஞ்சாவூர் அதைவிடக் கிட்டம். போய்ப் பாருங்கள். சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். தப்பென்று பட்டால் அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் நின்று எங்களைக் கண்டியுங்கள். ஆனால் ஒரு கதைக்காக ஒரே தெருவில் பிறந்தவர்கள் பேசாமல் இருப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு, எங்கள் பேச்சை முடித்துக்கொள்ளுகிறோம்.