விடியற்பனியைத் தீட்டுதல்

 

ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் நானும் ஒரு தோட்டக் காட்சியைத் தீட்டினேன். குழாயிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே அப்பினேன். நிரையில் நின்ற பெண்ணுக்குப் பளீரென்ற சிவப்புச் சேலையும் உடுத்திவிட்டேன். பால் வெட்டும் அம்மையார் ஒருவர் அதைப் பார்த்து, "தம்பி, நாங்க வெட்டப் போற நேரத்துல இவ்வளவு பச்சை ஏது?" என்று கேட்டார். என்னால் விடையிறுக்க இயலவில்லை.

அக்கேள்வியே இக்கலையின் முதற்பாடம். பனியிலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆதலால் அருகிலுள்ள பால்மரம் கருமையாகவும், பத்தாவது மரம் சாம்பலாகவும், அதற்கப்பால் நிற்பவை வானோடு கலந்தும் தோன்றும். தாளை நனைத்து, தொலைவு மரங்களை நீர் மிகுந்த வண்ணத்தால் முதலில் தீட்டுங்கள். சற்று உலர்ந்தபின் நடுமரங்கள். முற்றும் உலர்ந்தபின் முன்மரங்கள். அவசரப்பட்டால் யாவும் கலங்கிவிடும்; நான் கெடுத்த தாள்களுக்குக் கணக்கில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றே போதும். பெரிய வண்ணப்பெட்டி கேட்டுத் தந்தையாரைத் தொல்லைப்படுத்த வேண்டா! நீலமும் மஞ்சளும் கலந்த பச்சையை அடக்கக் கறுப்பு எதற்கு? ஒரு துளி சிவப்பே அதனை மங்கச் செய்யும்.

மனித உருவத்திற்கு மூக்கும் விழியும் வேண்டா. மரத்தடியில் வளைந்த முதுகு, தலையில் கட்டிய துணி, நெற்றி விளக்கின் சிறு மஞ்சள் புள்ளி. இவை அமைந்தால் அவர் யாரென்று தோட்டமே சொல்லிவிடும்.

பிரெஞ்சு நாட்டு ஓவியர் மில்லே (1814–1875) உழவர் குடியில் பிறந்தவர். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கும் மூன்று பெண்களை, முகம் நிழலில் மறைய, மங்கிய வண்ணங்களில் அவர் 1857இல் தீட்டினார். ஏழைகளை இத்துணைப் பெருமிதமாக வரைவதா என்று பாரிஸில் சிலர் சினந்தனர். இன்று அவ்வோவியம் அதே பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் நாட்டிலோ பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. உங்கள் பாட்டியார் வெட்டிய நிரை இன்னும் நிற்குமானால், வரும் ஞாயிறன்று தாளும் பென்சிலும் கொண்டு ஏழு மணிக்கு முன்பே அங்கே செல்லுங்கள். வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும்.