திருப்பித் தர முடியாதவருக்கே தானம்

(ரிச்சர்ட்ஸ் டவுனில் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரிச்சர்ட்ஸ் டவுன்வாசிகளுக்கு மாதாகோயில் மணியோசை புதிதல்ல. புனித பிரான்சிஸ் சேவியர் பேராலயம் பக்கத்திலேயே இருக்கிறது. நம் நவராத்திரிச் சுண்டல் அடுத்த வீட்டுக்குப் போகும். டிசம்பரில் அவர்கள் கேக் நம் வீட்டுக்கு வரும். இது நல்ல பழக்கம். ஆனால் தானம் அல்ல. இந்த வித்தியாசத்தை இரு மத நூல்களும் எடுத்துச் சொல்கின்றன.

கீதை 17-ஆம் அத்தியாயத்தில் பகவான் தானத்தை மூன்றாகப் பிரிக்கிறார். கொடுப்பது கடமை என்ற எண்ணத்துடன், தகுந்த இடம், காலம், பாத்திரம் அறிந்து, பதிலுக்கு உதவ இயலாதவருக்குக் கொடுப்பது ஸாத்விகம். பிரதிபலனை எதிர்பார்த்து, மனமில்லாமல் கொடுப்பது ராஜஸம். வாங்குபவரை அவமதித்துக் கொடுப்பது தாமஸம்.

லூக்கா சுவிசேஷம் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு, விருந்துக்கு உறவினரையும் பணக்கார அயலாரையும் அழைக்காமல் ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார். அவர்களால் திருப்பி அழைக்க முடியாது என்பதே காரணம். கீதையின் 'அனுபகாரி' என்ற ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டா? மத்தேயுவின் மலைப்பிரசங்கமோ ஊரறியத் தர்மம் செய்யாதே என்கிறது. தைத்திரீய உபநிஷத்தும், குருகுலம் முடித்த சிஷ்யனிடம், கொடுக்கும்போது கூச்சம் வேண்டும் என்கிறது.

இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. கீதை பாத்திரம் பார்க்கிறது. லூக்கா இல்லாமையைப் பார்க்கிறார். சுவிசேஷம் மறுமையில் பலன் உண்டென்கிறது. கீதை பலனையே விடச் சொல்கிறது. ஆனாலும் 1889-இல் லண்டனில் மாணவராக இருந்தபோது கீதையைப் படிக்கத் தொடங்கி, பிறகு மலைப்பிரசங்கத்தையும் படித்த காந்திஜி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததையும், இரண்டிலும் தியாகமே தம்மைக் கவர்ந்ததையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். கல்வி உதவித்தொகை பெறும் குழந்தையை மேடையேற்றி, குடும்பக் கஷ்டத்தை மைக்கில் சொல்லி, போட்டோ எடுப்பது பல சங்கங்களில் வழக்கமாகிவிட்டது. பதினைந்து வயதுப் பிள்ளை தலை குனிந்து நின்றால் நம் தானம் எந்த வகையில் சேரும்? விளம்பரம் இருந்தால்தான் நன்கொடை வரும் என்பார்கள். கணக்கைப் பைசா சுத்தமாக அச்சிடுவோம், அதுவே போதுமான விளம்பரம். பணம் குழந்தையின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். முகம் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

எந்த ஊரில் இருந்தாலும் அடுத்த உதவித்தொகை விழாவுக்கு முன் உங்கள் கமிட்டியில் இதைப் பேசுங்கள்.