தேனீ கொட்டிய பின் எடுக்கும் ரத்தம் என்ன சொல்கிறது?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஆய்வகப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை மழை ஒன்று விழுந்ததும் ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பி பூக்கும். கூடவே தேனீக்களும் வரும். நம் பின்பக்கச் சுவரில் மலைத்தேனீ கூடு கட்டியதும், அதைக் கலைப்பதா விடுவதா என்று இங்கே விவாதம் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டைப் பற்றிச் செயலாளர் பேசுவார். கொட்டிய பிறகு என்ன என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

பெரும்பாலோருக்குக் கொட்டிய இடம் வீங்கி, சில நாட்களில் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் விழும், மயக்கம் வரும். இதுதான் அனாபிலாக்ஸிஸ். தோல், குடல், நுரையீரலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் தங்களுக்குள் இருக்கும் ரசாயனங்களை ஒரேயடியாகக் கொட்டிவிடுவதால் வருவது. அவற்றில் ஹிஸ்டமின் ரத்தத்தில் இருந்து சீக்கிரம் மறைந்துவிடும். டிரிப்டேஸ் சில மணி நேரம் தங்கும். அதனால்தான் அதை அளக்கிறோம்.

என் மைத்துனருக்கு நடந்ததைச் சொல்கிறேன். குளவி கொட்டி மயங்கி விழுந்தார். அன்று டிரிப்டேஸ் 10. பொதுவாக 11.4 நானோகிராம் வரை இயல்பு என்பதால் அறிக்கையில் 'நார்மல்' என்று வந்தது. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தோம். பிறகு வேறொரு மருத்துவர் சொல்லி, நன்றாக இருக்கும்போது ஒருமுறை எடுத்தோம். 5 தான் இருந்தது.

கணக்கு எளிது. நலமாக இருக்கும்போதுள்ள அளவோடு அதில் 20 சதவீதத்தையும் இன்னொரு 2-ஐயும் கூட்டுங்கள். 5 என்றால் 8 வரும். கொட்டிய அன்று அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மாஸ்ட் செல்கள் வெடித்திருக்கின்றன என்று பொருள். அவருடைய 'நார்மல்' நார்மலே இல்லை. இன்று அவர் அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருக்கிறார்.

நலமாக இருக்கும்போதே அளவு 20-க்கு மேல் என்றால், மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் இருக்கலாம். கொட்டியதும் தடிப்பு எதுவும் இல்லாமல் நேராக மயங்கி விழுபவர்களும், தேய்த்தால் தடிக்கும் பழுப்புப் புள்ளிகள் உடம்பில் உள்ளவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு எண்ணை வைத்துப் பயந்துவிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறிலும் அளவு கூடும். டிரிப்டேஸ் மரபணு கூடுதலாகப் பிறவியிலேயே இருப்பவர்களுக்கும் கூடும். இது 2016-ல் தெரியவந்தது. முடிவு சொல்ல எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படலாம். அதேபோல, அளவு ஏறவில்லை என்பதால் அனாபிலாக்ஸிஸ் இல்லை என்றும் சொல்ல முடியாது. உணவு ஒவ்வாமையில் பல நேரம் ஏறாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். எழுந்து நிற்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். 108-ஐ அழையுங்கள். தொடையில் போடும் அட்ரினலின்தான் முதல் மருந்து. சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் இங்கேயே ஊசி போட்டுக்கொண்டு இறங்குங்கள். ரத்தப் பரிசோதனைக்காக ஊசியை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

கொட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ரத்தம் 2 மணி நேரத்துக்குள் எடுப்பது நல்லது; 4 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். டிரிப்டேஸ் எளிதில் கெடாது. எனவே இங்கேயே எடுத்து, சீரம் பிரித்து, பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எல்லாம் அடங்கி 24 மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நீங்களே மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு எப்போதாவது கொட்டி மயங்கியவர்கள் நம் வீடுகளில் இருந்தால், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். அடுத்த பூப்பருவம் வரை தள்ளிப்போட வேண்டாம்.