எதிர்ப்பொருள்: இருப்பும் செயலும்



மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் ஜி6பிடி என்னும் நொதியைச் சோதிப்பது நெடுநாள் வழக்கம். சிவப்பணுக்களைச் சிதையாமற் காக்கும் நொதி இது. குறை கண்டறியப்பட்டால், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ வாழும் தமிழ்த்தாயிடம், "குழந்தைக்கு நொதி இல்லை" என்று யாரேனும் மொழிபெயர்த்துச் சொல்லிவிடக்கூடும். அந்த 'இல்லை' பொருந்துமா என்பதே நம் வினா.

ஒரு நொதியைக் குறித்து இரண்டு கேட்கலாம்: அது இருக்கிறதா? அது வேலை செய்கிறதா?

முதற்கேள்விக்கு விடை தருவது ஆய்வக எதிர்ப்பொருள். 1941ஆம் ஆண்டு ஆல்பர்ட் கூன்சு குழுவினர் எதிர்ப்பொருளுடன் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துக் காட்டினர். மெல்லியதாகச் சீவிய திசுவின்மேல் அத்தகைய எதிர்ப்பொருளை இட்டால், தனக்குரிய நொதி உள்ள இடத்தில் அது பற்றிக்கொள்ளும். நுண்ணோக்கியில் அவ்விடம் தெரியும். ஆயினும் அது காட்டுவது இருப்பை மட்டுமே. செயல் குன்றிய நொதியையும் அது பற்றக்கூடும்.

இரண்டாம் கேள்விக்கு விடை தருவது, குழந்தைகளுக்குச் செய்யப்படும் ஒளிர்புள்ளிச் சோதனை. இதில் எதிர்ப்பொருளுக்கு இடமில்லை. நொதி வேலை செய்தால், அதன் விளைபொருள் புற ஊதா ஒளியில் ஒளிரும். ஒளிராவிடில் செயல் குறைந்துள்ளது என்று கொள்கின்றனர். பெரும்பாலும் நொதி அறவே இல்லாமற் போவதில்லை.

இனி, சொல்லுக்கு வருவோம். 'எதிர்' என்றதும் பகை நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழர் வழங்கும் 'பிறபொருளெதிரி' என்பதும் அவ்வழிப்பட்டதே. உடலுக்குள் கிருமியை எதிர்ப்பதால் அமைந்த பெயர் இது. ஆய்வகத்திலோ அது எதனோடும் போரிடுவதில்லை. தனக்குப் பொருந்தும் உருவைக் கண்டு பற்றுகிறது. திருமண வீட்டு வாயிலில் விருந்தினரை எதிர்கொண்டு அழைக்கிறோம். அங்கும் 'எதிர்' உண்டு. ஆகவே சொல்லை மாற்ற வேண்டியதில்லை. மாணவர்க்கு அதன் இப்பொருளையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும்.

அத்தாய்க்கு நாம் கூறத்தக்கது இது: "அம்மா, நொதி குறைவாக வேலை செய்கிறது. மஞ்சள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். குழந்தையின் துணிகளில் அந்துருண்டை வேண்டா. எம்மருந்துக்கும் முன்னர் மருத்துவரிடம் இக்குறையைச் சொல்லுங்கள்." 'இல்லை' என்னும் ஒரு சொல்லை நீக்கினால், அச்சத்தின் இடத்தில் செய்யத்தக்க செயல் வந்து நிற்கும்.