வேள்வித் தீயில் இட்ட பொருள்



நமது திசையன்விளைக்கு வடகிழக்கே, தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ளது கொற்கை. அவ்வூர்த் தலைவனாகிய நற்கொற்றன் வேள்வி செய்தான். அதன்பொருட்டுப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியன் அவனுக்கு வேள்விக்குடி என்ற ஊரை வழங்கினான். களப்பிரர் காலத்தில் பறிபோன அக்கொடையை, எட்டாம் நூற்றாண்டில் நெடுஞ்சடையன் பராந்தகன் மீட்டளித்தான். இவற்றை வேள்விக்குடிச் செப்பேடு கூறுகின்றது. வேள்வி பாண்டிநாட்டில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இது சான்றாகும்.

வேள்வியை வடமொழி யஜ்ஞம் என்னும். பண்டை ஈரானியர் யஸ்ன என்றனர். இங்கே சோமம், அங்கே ஹவோம. இங்கே ஹோதா, அங்கே ஜவோதர். ஒருதாய் வயிற்று மக்களைப் போன்ற இவ்விரு மரபுகளிலும் தீ வளர்த்தலும் சாறு பிழிதலும் உயிர்ப்பலியும் இருந்தன. அநாகிதா என்னும் நீர்த்தெய்வத்திற்கு வீரர்கள் நூறு குதிரைகளையும் ஆயிரம் மாடுகளையும் பதினாயிரம் ஆடுகளையும் பலியிட்டனர் என்று அவெஸ்தா மொழிகின்றது.

ஆயினும் இரு மரபினர் உள்ளத்திலும் உயிர்ப்பலியைப் பற்றிய கேள்வி எழாமலில்லை. ஜரதுஷ்டிரரின் காதைகளில், பசுவின் உயிர் தன்னைக் காப்பவர் யாரென்று முறையிடுகின்றது. சதபத பிராமணமோ ஓர் அரிய கதை சொல்கின்றது. வேள்விக்குரிய சாரம் மனிதன், குதிரை, எருது, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விட்டு நீங்கி மண்ணுள் புகுந்ததாம். தேவர்கள் அகழ்ந்து தேட, அது நெல்லாகவும் வாற்கோதுமையாகவும் கிடைத்ததாம். ஆகவே, அத்தானிய மாவால் செய்த அடையே பலிவிலங்கு அனைத்திற்கும் ஈடாகும் என்பது அந்நூலின் கருத்து. ஆயிரம் வேள்வியினும் ஓருயிரைக் கொன்று உண்ணாமை நன்று என்பது வள்ளுவர் துணிபு. சென்னை இராயபுரத்தில் 1910ஆம் ஆண்டு பார்சியர் எழுப்பிய கோயிலில், அணையாது காக்கும் தீக்கு இடப்படுவது சந்தனக் கட்டையே.

இவ்வாராய்ச்சி நமக்கெதற்கு என்பீர்கள். நம் பக்கத்துச் சுடலைமாடன் கொடைகளில் கிடா வெட்டுவதை நீங்கள் அறிவீர்கள். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்க 1950ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2004ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது. ஆணையால் மட்டும் நேர்த்திக்கடன் மாறுவதில்லை. அன்று மாவடையைக் கண்டவர்கள் வேள்வியை இகழ்ந்தவர்கள் அல்லர், அதனைச் செய்தவர்களே. படைக்கும் கையே சிந்திக்கும்போதுதான் படையல் மாறுகின்றது. பிறர் வழிபாட்டை எள்ளாமலும், நம் வழிபாட்டை எண்ணிப் பார்க்க அஞ்சாமலும் இருத்தலே கற்றோர்க்கு அழகு.